உள்ளே விட்ட அரை அங்குலம்

அன்று அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திட்டத் தலைவர். மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தார்.

வசுமதி. கருவியைச் செய்தவர். சுவர் ஓரம்.

ஜமால். மேலிருந்து வரும் எண்களைப் பார்ப்பவர். முன்னால் மடிக்கணினி திறந்திருந்தது.

தனசேகர். செயற்கைக்கோளுக்கு ஹீட்டர் வயர் போட்டவர். கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தரம் பார்க்கும் அம்மா. பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

மேலிடத்திலிருந்து வந்த ஒருவர். பெயர் சொன்னார்கள். மறந்துவிட்டது.

கதவை ஒட்டிய நாற்காலியில் நான். கஸ்தூரி. போர்வை தைத்தவள்.

ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் மற்ற ஆறு பேர் மேலும் சந்தேகம்.

போர்வைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எட்டாவது வரைதான். எழுதிப் பழக்கமில்லை. உங்கள் மேசையில் இருக்கும் சின்னத் தராசைப் பற்றி நீங்கள் சலித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். வெட்டியெறியும் ஓரத்தையெல்லாம் கவரில் போட்டு எதற்கு எடை போட வேண்டும் என்று கேட்கிறீர்களாம். அது எப்படி வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் சுற்றும் உயரத்தில் காற்று இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறதாம். மிகமிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் கோளை எதிர்த்து நிற்கும். வேகம் துளித்துளியாகக் குறையும். சூரியன் கொந்தளித்தால் மேல்காற்று உப்பும். அப்போது எதிர்ப்பு கூடும், கோள்கள் சீக்கிரம் இறங்கும். எவ்வளவு காற்று இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கோள் எப்போது விழும் என்று சொல்ல முடியும். அதை அளக்கத்தான் வசுமதியின் கருவி. முடுக்கமானி என்பார்கள். கோளின் நடுவயிற்றில் இருக்கும். நான் கேட்டபோது அவர் இப்படித்தான் சொன்னார்.

"பஸ்ல நின்னுக்கிட்டு வர்றீங்க அக்கா. கண்ணை மூடியிருக்கீங்க. டிரைவர் பிரேக்க லேசா தொட்டாக்கூட உங்க கால் தெரிஞ்சுக்கும்ல? அந்தக் கால்தான் இது."

எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. தி.நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு பெரிய துணிக்கடை. தென்பக்கத்துக்காரர்கள் நடத்துவது. மூன்றாவது மாடியில் ஜாக்கெட் தைக்கும் பிரிவு. அங்கே பத்தொன்பது வருடம். அடையாறில் ஒரு கம்பெனிக்கு மெல்லிய தாளைக் கிழியாமல் தைக்க ஆள் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். ஜரிகைத் துணியில் ஊசி ஓட்டுகிறவர்கள் யார் என்று மாஸ்டர் பார்த்தார். என்னைக் கைகாட்டினார். எல்.பி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த கட்டடம். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. துணிக்குப் பதில் ஃபாயில். அடுக்கடுக்காகப் போட்டுத் தைத்தால் கோளுக்குப் போர்வை. குளிரும் வெயிலும் உள்ளே போகாது.

அந்தக் கோளுக்கு இரண்டு போர்வை தைத்தேன். ஒன்று மேலே போக. ஒன்று ஸ்பேர். இரண்டும் ஒரே அளவு, ஒரே கை.

அனுப்புவதற்கு முன் எடை போட்டார்கள். இரண்டும் ஒரே எடைதான். ஆனால் கணக்குப்படி வர வேண்டியதைவிட முப்பத்தொரு கிராம் கூட இருந்தது. தலைவர் எட்டிப் பார்த்தார்.

"ஒட்டின டேப்பாத்தான் இருக்கும். எழுதிண்டு அனுப்பிடுங்கோ" என்றார்.

தரம் பார்க்கும் அம்மா எழுதினார். பென்சிலால் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். எதற்கு வட்டம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கோள் போனது. கருவி வேலை செய்தது. எல்லோரும் கேசரி சாப்பிட்டோம்.

ஆறாவது வாரம் ஜமால் கணினியைத் திருப்பிக் காட்டினார். கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பூமியின் நிழலை விட்டு கோள் வெயிலுக்கு வரும் இடத்தில் மட்டும் முள் முள்ளாக எழும்பியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும். அந்த எண்களை நம்பினால், அந்த இடத்தில் காற்று திடீரென்று கெட்டியாகிறது, அடுத்த நொடி கரைந்துவிடுகிறது. காற்று அப்படிச் செய்யாது.

அப்போது ஆரம்பித்தது சந்தேகம்.

முதலில் தனசேகர் மேல். நிழலில் ஹீட்டர் எரியும், வெயிலில் அணையும். அணையும்போது வயரில் உதறல் வருகிறதோ என்றார்கள். இரண்டு நாள் ஹீட்டரை அணைத்தே வைத்துப் பார்த்தார்கள். முள் போகவில்லை. தனசேகர் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

அடுத்து ஜமால் மேல். அவர் கணக்கில்தான் கோளாறு என்று வேறொருவரை வைத்துத் தனியாகக் கணக்கு போட்டார்கள். அதே முள். ஜமால் அதன்பிறகு யாரோடும் சாப்பிட வரவில்லை.

மீதி இருந்தது கருவி. அப்புறம் நான்.

தரம் பார்க்கும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பெயர் எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். யாரையும் திட்டமாட்டார். யாரையும் நம்பவும் மாட்டார். ஒரு கேள்வியை மூன்று நாள் மூன்று விதமாகக் கேட்பார். இந்தத் தொழிலில் நான் ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது அவரிடம்தான்.

முதல் நாள் வந்து, டிராயிங்படிதானே தைத்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டாம் நாள் என் வேலை அட்டையைக் கொண்டுவந்தார். கையெழுத்து உங்களுடையதுதானே என்றார். ஆமாம் என்றேன்.

இரண்டும் பொய் இல்லை. நீளம், அகலம், காற்று போக விடும் ஓட்டைகள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், எல்லாம் டிராயிங்படி.

மூன்றாம் நாள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார். என் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கிறீங்க கஸ்தூரி. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் என்ன செய்வீங்க, சொல்லுங்க."

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். சொன்னேன். அளவு ஜாக்கெட்டை வாங்கிக்குவேன். துணியைத் தண்ணியில நனைச்சுக் காய வைப்பேன். லைனிங் போட்டு மடிப்பேன். சாக்பீஸ்ல கோடு போடுவேன். கோட்டுக்கு வெளியே...

நின்றுவிட்டேன்.

"அப்புறம்?"

"வெட்டித் தைச்சுடுவேன். கொக்கி வைப்பேன். காஜா எடுப்பேன்."

அவர் எழுந்துகொண்டார். ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வெட்டுறதுக்கு முன்னால கொஞ்சம் நின்னீங்க" என்றார். போய்விட்டார்.

ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர்கள் உங்களில் இருந்தால் இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எந்தத் தையல்காரியும் அளவோடு வெட்டமாட்டாள். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் துணி விட்டுத்தான் வெட்டுவாள். அது தைத்த பிறகு உள்பக்கம் மடிந்து கிடக்கும். வெளியே தெரியாது. கல்யாணம் ஆனால், பிள்ளை பெற்றால், உடம்பு போடும். பிரித்து விட உள்ளே துணி இருக்க வேண்டும். விடாமல் தைத்தால் அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து துணி வராது. பத்தொன்பது வருடம் அப்படித் தைத்த கை.

ஃபாயில் டிராயிங்கில் தையலை ஒட்டி நறுக்கிவிட வேண்டும் என்று இருந்தது. வெளியே தெரிகிற ஓரத்தையெல்லாம் நறுக்கினேன். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்து உள்பக்கம் திருப்பும் இடங்களில்? யோசித்துப் பார்த்தேன். நறுக்கியதாக ஞாபகம் இல்லை. விட்டதாகவும் ஞாபகம் இல்லை. கை செய்யும் வேலைக்கு ஞாபகம் ஏது?

ஸ்பேர் போர்வை இருக்கும் அலமாரிக்குப் போனேன். உறை போட்ட கட்டைவிரலால், இரண்டு துண்டு சேரும் மூட்டுத் தையலை அழுத்தித் தடவினேன். இருந்தது. அரை அங்குலம். மூட்டு முழுக்க. அடுத்த மூட்டிலும் இருந்தது.

டின்னை வெயிலில் வைத்தால் டப் என்று ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். போர்வையிலும் அப்படித்தான். வெளிப்பக்கம் சூடாகி விரியும், உள்ளே மடித்த ஓரம் குளிரில் இறுகிக் கிடக்கும். கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். பிறகு சட்டென்று விடும். மேலே அதைக் கேட்கக் காது இல்லை. வசுமதியின் கருவி இருந்தது.

பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. தனசேகர்.

"இன்னா யக்கா, தடவிக்கினு கீற?"

நகர்ந்து இடம் விட்டேன். அவரும் தடவிப் பார்த்தார். அவர் அப்பா புதுப்பேட்டையில் சீட் கவர் தைத்தவர். உடனே புரிந்துவிட்டது.

"வாயத் தொறக்காத" என்றார். "மேல போனத எவன் போய் பிரிச்சுப் பாக்கப் போறான்? நீ சொன்னா உன் தலையில வெடியும். சொல்லாங்காட்டி யார் தலையிலயோ வெடியும். அவங்க படிச்சவங்க யக்கா. எங்கியாவது பொழைச்சுக்குவாங்க."

அந்தப் போர்வைக்கு அடியில்தான் அவர் வயர் ஓடியது. போர்வையில் கோளாறு என்றால் அடியில் ஓடும் வயரையும் மறுபடி கிளறுவார்கள். அவர் எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் கூட்டம் என்று அறிவித்தார்கள். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார். கருவி பழுது என்று எழுதிவிடுவார்கள் என்று பேச்சு. எழுதினால் அதுவரை வந்த அளவு எல்லாம் குப்பை. வசுமதிக்கு ஒப்பந்த வேலை. கருவியோடு அதுவும் முடியும்.

நான் அப்போது சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தேன். வீட்டுக்குப் போக லஸ்ஸில் இறங்கி பஸ் மாறுவேன். அன்று சாயங்காலம் நிறுத்தத்தில் வசுமதி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கே கோயில் குளத்துப் பக்கம் வீடு. கையில் கீரைக்கட்டு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். கீரைக்கட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

"நாளைக்கு எழுதிடுவாங்க அக்கா" என்றார். "நாலு வருஷம். எழுதினாக்கூடப் பரவால்ல. இப்ப எனக்கே அது மேல சந்தேகம் வந்துடுச்சு. அதுதான் தாங்கல."

எனக்குக் காரணம் தெரியும். கட்டைவிரலில் இன்னும் அந்தத் தையல் மூட்டின் தடிப்பு இருந்தது. சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே போனேன். ராயப்பேட்டை தாண்டும்வரை டிரைவர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். ஒவ்வொரு முறையும் கால் தெரிந்துகொண்டது.

கூட்டத்துக்கு வருகிறேன்.

ஜமால் முள்களைக் காட்டினார். தலைவர் பேசினார். சூடு மாறும் நேரத்தில் கருவி தடுமாறுகிறது, அதனால் முழு அளவையும் நம்ப முடியாது என்றார். தரம் பார்க்கும் அம்மா, வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போதும் சூடு மாறுகிறதே, அங்கே ஏன் முள் இல்லை என்று கேட்டார். பின்னே வேறு என்ன காரணம் என்று தலைவர் திருப்பிக் கேட்டார். வேறு காரணம் யாரிடமும் இல்லை. வசுமதி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலிடத்து மனிதர் பேனாவை எடுத்தார். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது. பதில் எதிர்பார்த்து இல்லை.

தரம் பார்க்கும் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் பேசியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

"உள்ள விட்டிருக்கேன் சார்" என்றேன்.

"என்னது?"

"மூட்டுக்கு மூட்டு அரை இஞ்ச். உள்பக்கம். நறுக்காம விட்டிருக்கேன்."

தலைவர் டிராயிங்கைப் புரட்டினார். இதில் அப்படி இல்லையே என்றார். இல்லை என்றேன். பிறகு எதற்கு விட்டீர்கள் என்றார்.

"ஜாக்கெட்ல விடுவோம் சார். பின்னாடி பிரிச்சு விட."

மேலிடத்து மனிதர் சிரித்துவிட்டார்.

"மேல போய் யாருக்கும்மா பிரிச்சு விடப்போறீங்க?"

தனசேகர் மின்விசிறியைப் பார்த்தார்.

வசுமதி அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"நேத்து பஸ் ஸ்டாப்ல இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் மறுபடி மேசையைப் பார்த்தார். அதற்கப்புறம் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கஸ்தூரி அம்மா என்பார். மரியாதையாகத்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வசுமதியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் லஸ்ல பேசிண்டிருந்தேளாமே. இன்னிக்கு இவா இப்படிச் சொல்றா. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

கருவியைக் காப்பாற்ற நாங்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று நினைத்தார். உண்மையைச் சொன்னாலும் அது நேற்றே சொல்லாத உண்மை. அதற்கு மதிப்பு பாதி. லஸ்ஸில் எங்களை யார் பார்த்தது, யார் போய்ச் சொன்னது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். தெரியவில்லை. அறையில் இருந்தவர்களில் ஒருவர்தான்.

தரம் பார்க்கும் அம்மா நோட்டை மூடினார்.

"யாரையும் நம்ப வேண்டாம் சார். ஸ்பேர் அலமாரில இருக்கு. அதே ஆள் தைச்சது. கருவிக்கும் ஸ்பேர் இருக்கு. ரெண்டையும் சோதனை அறையில வெச்சு, குளிர வெச்சு, வெயிலுக்குப் பதிலா விளக்கு போட்டுப் பாப்போம். முள் வந்தா மூட்ட நறுக்கிட்டு மறுபடி போட்டுப் பாப்போம். அதுவரைக்கும் எதையும் எழுத வேண்டாம்."

மேலிடத்து மனிதர் பேனாவை மூடினார்.

அந்த வேலை பத்து நாள் நடந்தது. எப்படிச் செய்தார்கள் என்பதை எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். அலமாரியின் சாவி பத்து நாளும் அந்த அம்மாவிடம் இருந்தது. நான் அந்த அறைக்குள் போகக் கூடாது. வசுமதியும் கூடாது. விளக்கைப் போட்டவர் ஜமால், எழுதியவர் அந்த அம்மா, வாசலில் தலைவர். மூட்டுக்குள் அந்த ஓரம் இருந்தபோது முள் வந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, மூன்று பேர் பார்க்க நறுக்கச் சொன்னார்கள். நறுக்கினேன். மறுபடி விளக்கு போட்டார்கள். முள் இல்லை.

கருவி பழுது என்று யாரும் எழுதவில்லை. வெயிலுக்கு வரும் அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டிவிட்டு மீதி அளவை வைத்துக்கொண்டார்கள். வசுமதியின் கருவி மூன்று வருடம் மேல்காற்றை அளந்தது. அடுத்த கோளுக்கும் அவர்தான் செய்தார். தன் கருவியை அவர் பழையபடி நம்பினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

என்னை ஒரு வருடம் ஊசி பிடிக்கவிடவில்லை. ஃபாயிலை உருளையில் சுற்றுகிற வேலை கொடுத்தார்கள். சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மறுபடி தைக்க விட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் நறுக்க இன்னொருவர், நறுக்கியதைப் போட ஒரு கவர், கவரை வைக்க ஒரு தராசு. அன்று வந்தது அது.

அதனால் உங்களுக்குச் சொல்வது. டிராயிங்கைப் பாருங்கள். ஆனால் அதில் எழுதாததை உங்கள் கை செய்கிறதா என்று அதற்கு முன்னால் பாருங்கள். கை நீங்கள் சொன்னதைச் செய்யாது, பழகியதைச் செய்யும். நீங்கள் எல்லோரும் வேறு எங்கோ பழகிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். பை தைத்தவர், குடை தைத்தவர், சட்டைக் காலர் தைத்தவர். ஒவ்வொரு கையிலும் ஒரு அரை அங்குலம் இருக்கும். யாராவது கேட்டு, பதில் சொல்லும்போது நடுவில் நின்றுவிட்டால், நின்ற இடத்தைப் போய்த் தடவிப் பாருங்கள். பார்த்ததை அன்றே சொல்லிவிடுங்கள். மறுநாள் சொன்னால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஒன்று பாக்கி.

மூட்டுகளை நறுக்கிய அன்று, விழுந்த துண்டுகளையெல்லாம் அந்த அம்மா ஒரு கவரில் சேர்த்தார். ஒரு துண்டு விடாமல் நானே பொறுக்கிக் கொடுத்தேன். மறுபடி விளக்கு போட்டு முள் இல்லை என்று தெரிந்ததும் எல்லோரும் தலைவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் கவரைத் தராசில் வைத்தார். பழைய நோட்டை எடுத்து, பென்சில் வட்டம் போட்ட பக்கத்தைத் திறந்தார். தராசைப் பார்த்தார். கவரை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மூன்று முறை.

நானும் எட்டிப் பார்த்தேன். கவர் எடை போக இருபத்தொன்பது கிராம்.

அவர் வட்டத்தை அழிக்கவில்லை. முப்பத்தொன்று என்பதற்குப் பக்கத்தில் இருபத்தொன்பது என்று எழுதினார். கோடு போட்டார். கீழே மீதியை எழுதி, அதைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார். அந்த மீதி எதனால் என்று கடைசி வரை தெரியவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது.

இரண்டு கிராம்.